உரிமை ஏட்டில், செலவு யார் தலையில்?

செல்வம் கொழிக்கும் நாடு எனச் செப்பப்படுகிறதே அமெரிக்கா, அங்கும் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பள்ளி வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தடுத்தது தலைவிதியா? இல்லை, தோழர்களே, சட்டவிதி! ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி எய்தாத பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாம் என்று பென்சில்வேனியா மாநிலம் எழுதியே வைத்திருந்தது. மனிதன் எழுதிய விதியை மனிதனே மாற்றலாம் எனப் பெற்றோர் சங்கம் வழக்காடியது. 1971இல் மாநிலம் பணிந்தது.

தலைநகர் வாஷிங்டனில் வேறொரு வாதம் கிளம்பியது. மனம் உண்டு, பணம் இல்லை என்றது பள்ளி வாரியம். 1972இல் நீதிபதி ஜோசப் வாடி அதை ஏற்க மறுத்தார். பற்றாக்குறை என்றால் எல்லோரும் பகிர்ந்துகொள்ளட்டும். குறையுள்ள குழந்தையின் தலையில் மட்டும் அதைக் கூடுதலாகச் சுமத்தலாகாது என்பதே தீர்ப்பின் சாரம். எளிய அறம்; ஆயினும் எத்தனை அரசுகள் அதை மறந்தன!

1975 நவம்பர் 29இல், இக்குழந்தைகள் அனைவருக்கும் கல்வி வழங்கும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஃபோர்டு கையொப்பமிட்டார். அப்போது பள்ளியிலிருந்து அறவே ஒதுக்கப்பட்டிருந்தோர் 10 லட்சம் பேர் என அச்சட்டமே ஒப்புக்கொண்டது. நாட்டில் ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை, இத்தகைய ஒவ்வொரு குழந்தைக்கும் மத்திய அரசு தரும் என்றது சட்டம். தரக்கூடியதற்கு மேல் வாக்களிக்கிறோம் என்று கையொப்பமிட்டவரே அன்று எச்சரித்தார். அந்த 40 ஒருமுறையேனும் எட்டப்படவில்லை!

மேலே வாக்குறுதி, கீழே சுமை. மத்திய அரசு தராததை மாநிலமும், மாநிலம் தராததை வீட்டுவரி, நிலவரியை நம்பி வாழும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டமும் சுமந்தன. சிற்றூர் ஒன்றில் மிகுந்த உதவி வேண்டும் குழந்தை ஒன்று சேர்ந்தால், ஆண்டுக் கணக்கே ஆட்டம் காணும். வரி உயர்ந்தது இந்தப் பிள்ளையால் என ஊரார் முணுமுணுத்தால், அந்தத் தாயின் நெஞ்சம் என்ன பாடுபடும்?

மாசசூசெட்ஸ் மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரு மாணவருக்கென மாநிலம் வகுத்த சராசரி அடிப்படைச் செலவின் நான்கு மடங்கைத் தாண்டும் தொகையில், முக்கால் பங்கு வரை மாநிலமே ஈடுசெய்யும் திட்டத்தை 2004ஆம் நிதியாண்டு முதல் நடத்துகிறது. ஓர் ஊரின் சுமையை மாநிலம் முழுதும் தாங்கும் ஏற்பாடு!

இதிலே கருணைக்கு இடமில்லை. கணக்கிலே நேர்மைதான் உண்டு. உரிமையை எழுதிய கை, பணப்பெட்டியையும் திறக்கவேண்டும். திறக்காத கை எழுதிய உரிமை, பசித்தவனுக்குக் காட்டிய படச்சோறு!