கண் நீர் அழுத்த நோய்: எந்தச் சொட்டு மருந்து யாருக்குப் பொருந்தும்?

குளுக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது. பெரும்பாலானோருக்குத் தொடக்கத்தில் வலியோ மங்கலோ இராது. சென்னையில் 40 வயதைக் கடந்தோரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், திறந்த கோண வகை நோய் கண்டறியப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதனை முன்னர் அறிந்திருக்கவில்லை. சொட்டு மருந்து இழந்த பார்வையை மீட்டுத் தராது. கண் அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய பார்வையைக் காக்கும்.

மருந்து வகைகள்

• லட்டனோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட், பைமட்டோபிராஸ்ட்: நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவில். அழுத்தத்தை ஏறத்தாழ 25 முதல் 33 விழுக்காடு குறைக்கும். கண் சிவத்தல், இமைமுடி நீளுதல், இமைத்தோல் கருத்தல் ஏற்படலாம்.

• டிமோலால்: நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. 20 முதல் 25 விழுக்காடு குறைக்கும்.

• பிரிமோனிடின்: நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை. ஏறத்தாழ இதே அளவு குறைக்கும். கண் ஒவ்வாமை, வாய் உலர்தல், தூக்கக் கலக்கம் ஏற்படலாம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கூடாது.

• டார்சோலமைடு, பிரின்சோலமைடு: நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை. 15 முதல் 20 விழுக்காடு குறைக்கும். எரிச்சல், வாயில் கசப்பு ஏற்படலாம். சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ஆஸ்துமா உள்ளோர் கவனத்திற்கு

கண்ணில் விடும் மருந்து கண்ணீர்ப் பாதை வழியே மூக்கை அடைந்து இரத்தத்திலும் கலக்கிறது. டிமோலால் மூச்சுக்குழாய்களைச் சுருக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும். கொடுங்கையூர், எண்ணூர், திருவொற்றியூர் போன்ற தொழிற்பகுதிகளில் புகைக்கும் தூசிக்கும் இடையே வாழ்ந்து, மூச்சுத்திணறலுக்கு இன்ஹேலர் பயன்படுத்துவோர் இதனைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் கூற வேண்டும். இரண்டு மருந்துகள் கலந்த பல சொட்டு மருந்துகளிலும் டிமோலால் உண்டு. எனவே அட்டையில் உள்ள மருந்துப் பெயரைச் சரிபார்க்கவும். உறவினருக்கு எழுதிய மருந்தை நீங்கள் பயன்படுத்த வேண்டாம்.

பயன்படுத்தும் முறை

ஒரு சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண் ஓரத்தை 2 நிமிடங்கள் விரலால் மெல்ல அழுத்தவும். இவ்வாறு செய்தால் இரத்தத்தில் கலக்கும் மருந்தின் அளவு குறையும். அடுத்த மருந்துக்கு 5 நிமிடங்கள் இடைவெளி விடவும்.

பார்வை நன்றாக இருக்கிறதென்று மருந்தை நிறுத்தாதீர்கள். பக்கவிளைவு தோன்றினால் மருத்துவரிடம் கூறி மாற்று மருந்து பெறுங்கள். மூச்சுத்திணறல், மயக்கம், திடீர்க் கடுங்கண்வலி, வாந்தியுடன் பார்வை மங்கல் ஆகியவை ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வட சென்னை மக்கள் அரசு ஸ்டான்லி மருத்துவமனையையோ எழும்பூர் அரசு கண் மருத்துவமனையையோ அணுகலாம்.