லாலாங்கும் தோட்டத் தமிழரும்

மலேசியாவின் ஜொகூர் மாநில ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டைப் போலவே ஓயாமல் ஆள் கேட்ட வேலை புல்வெட்டு. அதற்குக் காரணமான லாலாங் புல் ரப்பருக்கு முன்பே அங்கே வேரூன்றிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள் ஆற்றங்கரைக் காடுகளை அழித்து மிளகும், தோல் பதனிட உதவும் கம்பீர்ச் செடியும் பயிரிட்டனர். கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு மலைமலையாக வேண்டியிருந்தது. மண் சத்திழந்ததும் நிலத்தைப் போட்டுவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். விட்டுப்போன வெளியை லாலாங் பிடித்துக்கொண்டது. 1909இல் ரயில் பாதை ஜொகூரைக் கடந்தது. ரப்பர்த் தோட்டங்கள் பெருக, கங்காணிகள் வழியாக வந்த தமிழர்கள் இந்தப் புல்லோடு மல்லுக்கு நின்றார்கள்.

லாலாங்கின் உயிர் தரைக்குக் கீழே இருக்கிறது. அதன் வெள்ளைத் தண்டுகள் ஊசிமுனையோடு மண்ணைத் துளைத்துப் பரவும். மேலே அரிந்தால் சில நாளில் தளிர்த்துவிடும், எரித்தாலும் அப்படியே. மண்வெட்டியால் ஆழக் கொத்தி, தண்டுகளைப் பொறுக்கி வெயிலில் காயப்போட வேண்டும். ஒரு கணு மண்ணில் தங்கினால்கூடப் புல் திரும்பவும் முளைக்கும். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்த பெண்கள்தான் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்தார்கள். தோட்ட வரலாறுகள் பால்வெட்டுக்குக் கொடுத்த இடத்தை இவர்களுக்குக் கொடுக்கவில்லை. அது பெரிய குறை.

தொடக்க காலத் துரைமார் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்றனர். விளைவாக மேல்மண்ணை மழை அடித்துச் சென்றது. பிறகே பியூராரியா, சென்ட்ரோசீமா போன்ற மூடுபயிர்க் கொடிகள் பரவலாயின. நிழல் விழுந்தால் லாலாங் நலியும் என்பதால் இது நல்ல வழியாகவும் அமைந்தது.

மருந்தடிப்பு வேறு கதை. முதலில் வந்த சோடியம் ஆர்சனைட் கொடிய நஞ்சு. 1960களில் பாராகுவாட்டும், 1974 முதல் கிளைபோசேட்டும் வந்தன. முதுகில் தொட்டியைச் சுமந்து, கைப்பிடியை அழுத்தியபடி நிரை நிரையாக நடந்தவர்களும் பெரும்பாலும் பெண்களே. அவர்களுடைய கண் எரிச்சலையும் மூக்கில் வடிந்த ரத்தத்தையும் பெண் தொழிலாளர் உரிமைக்காக இயங்கும் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு மலேசியாவில் பாராகுவாட்டுக்குத் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டது; முழுத் தடை 2020 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

இயந்திரங்களைப் பொறுத்தவரை, 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் உருவாக்கிய புல்வெட்டு இயந்திரமும், அதன் வழிவந்த உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளும் சமதளப் புல்தரைக்கே ஏற்றவை. கட்டைகளும் படிவரப்புகளும் நிறைந்த தோட்டத்துக்குள் அவை நுழையவில்லை. தோளில் மாட்டும் புல்வெட்டு மோட்டார்தான் நுழைந்தது. ரப்பரின் இடத்தைப் பிடித்த இன்றைய செம்பனைக் காடுகளில் மரத்தைச் சுற்றிய வட்டத்தையும் குலை சுமக்கும் பாதையையும் மட்டும் சுத்தம் செய்து, இடையில் வளரும் பெரணியை மண்ணுக்குக் காவலாக விட்டுவைக்கிறார்கள்.