தொடக்க வகுப்பு ஆங்கிலமும் மேடை நாடகமும்

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் சிறு நாடகங்களை ஒத்திகை பார்த்து நடிப்பதன் வழியாக ஆங்கிலம் பழகும் கற்பித்தல் முறை இது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு, அந்த மொழியில் ஒருவரிடம் எதையாவது கேட்கவோ மறுக்கவோ வேண்டிய தேவையை இது வகுப்பறைக்குள்ளேயே உண்டாக்குகிறது. பாடநூலை உரக்கப் படிக்கும் பிள்ளை யாருக்காகவும் படிப்பதில்லை. வசனம் பேசும் பிள்ளைக்கோ எதிரே பதில் சொல்ல ஓர் ஆள் நிற்கிறார்.

வரலாறு

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள சாம்ப்டிங் கிராமப் பள்ளியில் 1897 முதல் 1910 வரை தலைமையாசிரியையாக இருந்தவர் ஹாரியட் ஃபின்லே-ஜான்சன். வரலாறு, இலக்கியம் உள்ளிட்ட பாடங்களைப் பிள்ளைகளே நாடகமாக்கி நடிக்கும்படி செய்தார். பள்ளி ஆய்வாளராக இருந்த எட்மண்ட் ஹோம்ஸ் 1911இல் வெளியிட்ட நூலில், பெயரைச் சொல்லாமல், இந்தப் பள்ளியை மனமாரப் பாராட்டினார். கேம்பிரிட்ஜ் பெர்ஸ் பள்ளி ஆசிரியர் கால்டுவெல் குக்கின் ‘தி பிளே வே’ 1917இல் வந்தது. 1954இல் ‘சைல்ட் டிராமா’ எழுதிய பீட்டர் ஸ்லேட், சிறுவர்களை அவசரப்பட்டு மேடையில் ஏற்றினால் அவர்களுடைய இயல்பான விளையாட்டு கெட்டுப்போகும் என்று எச்சரித்தார்.

இவர்கள் எல்லோரும் மனதில் வைத்திருந்தது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளை. பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்க நாடக உத்திகளைத் தொகுத்துத் தந்த நூல்களில் ஆலன் மேலியும் ஆலன் டஃபும் 1978இல் எழுதியது முக்கியமானது. சிறுவர்களுக்கென்றே சாரா ஃபிலிப்ஸ் எழுதிய கையேடு 1999இல் வெளியானது.

செயல்படும் விதம்

கதையைப் பிள்ளைகள் தாய்மொழியில் முன்பே அறிந்திருப்பது பெரிய வசதி. குல்லா வியாபாரியும் குரங்குகளும் கதையை எடுத்துக்கொள்வோம். வியாபாரி செய்வதையெல்லாம் குரங்குகள் அப்படியே செய்யும். ஆகவே அவர் ‘கிவ் மீ மை கேப்’ என்று சொன்னால், குரங்குகளாக இருக்கும் வகுப்பு முழுவதும் அதையே திருப்பிச் சொல்வது கதைக்குப் பொருந்திவிடுகிறது. தனியாகப் பேசக் கூச்சப்படும் பிள்ளையும் கூட்டத்தோடு குரல் கொடுக்கிறது. வியாபாரி முதலில் கெஞ்சுகிறார், பிறகு அதட்டுகிறார், கடைசியில் அழுகிறார். சொற்கள் மாறவில்லை; அழுத்தம் மட்டும் ‘கிவ்’ என்பதிலிருந்து ‘மை’ என்பதற்குத் தாவுகிறது. ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுவதை எட்டு வயதுப் பிள்ளை இலக்கணம் படிக்காமலே உணர்ந்துகொள்கிறது. ‘கேப்பு’ என்று இறுதியில் உகரம் சேர்க்கும் நம் பிள்ளைகளின் வழக்கத்தையும் இங்கே கண்டிக்காமல் திருத்தலாம். ஆசிரியரே வியாபாரியாக நின்று சொல்லைச் சட்டென்று முடித்துக் காட்டினால் போதும், குரங்குகளும் அப்படியே முடிக்கும்.

வாசிப்பு அரங்கு என்பது இதன் எளிய வடிவம். ஒப்பனை, திரை, மனப்பாடம் எதுவும் வேண்டாம். வசனத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே குரலால் நடிக்கிறார்கள். ஒரே பகுதியைப் பலமுறை படித்தால் வாசிப்பு சரளமாகும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் 1979இல் எழுதினார். சும்மா ‘இன்னொரு முறை படி’ என்றால் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை பக்கத்து வகுப்பினர் முன் படிக்க வேண்டும் என்றால், திங்கள் முதல் தாங்களாகவே திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.

தமிழ்ப் பள்ளிகளில்

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பாடல், கதை, பொம்மலாட்டம், நடிப்பு ஆகியவற்றை ஆங்கில வகுப்புக்குள்ளும் கொண்டுவந்தது. இலங்கையில் தரம் 1, 2 பிள்ளைகளுக்குச் செயற்பாட்டை அடிப்படையாகக் கொண்ட வாய்மொழி ஆங்கிலம் உண்டு. முறையான ஆங்கிலப் பாடம் தரம் 3இல்தான் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தைய வாய்மொழிக் கட்டமே நாடகம் இயல்பாக நுழையக்கூடிய இடம்.

குறைபாடுகள்

பல பள்ளிகளில் ஆங்கில நாடகம் ஆண்டு விழாவோடு சரி. ஏற்கெனவே நன்றாகப் பேசும் நாலைந்து பிள்ளைகளுக்கே வசனம் கிடைக்கிறது. மற்றவர்கள் மரமாகவும் மலையாகவும் நிறுத்தப்படுகிறார்கள். யாருக்கு ஆங்கிலம் தேவையோ அவர்களே வாய் திறப்பதில்லை என்பது பெரிய அநியாயம். பொருள் புரியாமல் நீண்ட வசனங்களை உருப்போட வைப்பதும் பயன் தராது. மொழி ஊறுவது ஒத்திகையில்தான். அரங்கேற்றம் நடக்காமல் போனாலும் நட்டமில்லை.

எளிய மாற்றங்களே போதும். வகுப்பை ஆறேழு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, எல்லாக் குழுவுக்கும் ஒரே நாடகத்தைத் தரலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஐந்தாறு சொல்லுக்கு மிகாத வசனங்கள் இருக்கட்டும். நடுவில் ஒரு வரி மறந்துபோனால் பிள்ளை தன் சொந்த ஆங்கிலத்தில் சமாளிக்கட்டும், பிழையோடு சமாளித்தாலும் சரி. ஆசிரியர் அந்த வரியைக் குறித்துவைத்துக்கொண்டு, நாடகம் முடிந்த பிறகு திருத்திக் கொடுக்கலாம்.