தாயகம் திரும்பியோரின் பண மாற்றம்

தாயகம் திரும்பியோரின் பண மாற்றம் என்பது, 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலையகத்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தமிழர், தம் சேமிப்பை இலங்கை நாணயத்திலிருந்து இந்திய நாணயத்துக்கு மாற்றிக் கொண்டுவந்த நடைமுறையைக் குறிக்கும். இவ்வாறு வந்தவர்களில் ஒரு பகுதியினர் பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானல் பகுதியில் குடியேறினர்.

பின்னணி

1964 அக்டோபர் 30 இல் கையெழுத்தான ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த ஏறத்தாழ 9,75,000 பேரைப் பற்றியது. இவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் மூலம் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். பல தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த குடும்பங்களுக்குச் சேமலாப நிதியும் பணிக்கொடையுமே பெரும்பாலும் கையிருப்பாக இருந்தன.

ஒப்பந்த விதி

திரும்பிச் செல்வோர் தமது சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட சொத்துகளை எடுத்துச்செல்ல இலங்கை அரசு இணங்கியது. எனினும் இந்த உரிமை, நடைமுறையிலிருந்த அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டது. ஒரு குடும்பம் எடுத்துச்செல்லக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாய்க்குக் கீழ் குறைக்கப்படமாட்டாது என்றும் ஒப்பந்தம் கூறியது. இலங்கையில் செலாவணிக் கட்டுப்பாடு 1953 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியால் நிருவகிக்கப்பட்டது.

நாணய மதிப்பு மாற்றம்

ஒரே தொகை, குடும்பம் புறப்பட்ட ஆண்டைப் பொறுத்து வெவ்வேறு மதிப்பைப் பெற்றது. அதிகாரபூர்வ மாற்று விகிதங்களின்படி 4,000 இலங்கை ரூபாயின் மதிப்பு பின்வருமாறு:

* 1964: இரு நாணயங்களும் சம மதிப்புடையவை, 4,000 இந்திய ரூபாய்.
* 1966 சூன்: இந்திய ரூபாய் ஒரு டாலருக்கு 4.76 இலிருந்து 7.50 ஆக மதிப்பிறக்கம் செய்யப்பட்டது; ஏறத்தாழ 6,300 இந்திய ரூபாய்.
* 1967 நவம்பர்: இலங்கை ரூபாய் 20 விழுக்காடு மதிப்பிறக்கம் செய்யப்பட்டது, ஏறத்தாழ 5,040 இந்திய ரூபாய்.
* 1977 நவம்பர்: இலங்கை ரூபாய் ஒரு டாலருக்குச் சுமார் 16 ஆக வீழ்ந்தது, ஏறத்தாழ 2,000 இந்திய ரூபாய்.

இதனால் 1977 க்குப் பின்னர் வந்த குடும்பத்தின் சேமிப்பு, ஒப்பந்தம் கையெழுத்தான காலத்தில் பெற்றிருக்கக்கூடிய மதிப்பில் சுமார் பாதியாகச் சுருங்கியது. புறப்படும் காலம் குடியுரிமை, கடவுச்சீட்டு, வதிவிட அனுமதி ஆகியவற்றைப் பொறுத்திருந்தமையால், அதனைத் தொழிலாளர் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்க இயலவில்லை.

கொடைக்கானலில் குடியேற்றம்

தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்தோர் மண்டபம் முகாம் வழியாக உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். முற்காலத்தில் இலங்கைக்குச் சென்ற தொழிலாளர் மருத்துவச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டதும் இதே முகாமில்தான். அரசின் மறுவாழ்வு உதவி குடும்ப அட்டையின் அடிப்படையில் வழங்கப்பட்டது. தாயகம் திரும்பியோருக்கெனச் சென்னையில் 1969 இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது.

சமவெளியில் அளிக்கப்பட்ட தொழில்கள் பலருக்குப் பழக்கமற்றவையாக இருந்தன. கொண்டுவந்த பணம் செலவானபின், மலைச்சூழலும் தோட்ட வேலையும் அறிந்த பலர் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இடம்பெயர்ந்தனர். பழனி மலையில் அவர்கள் காப்பித் தோட்டங்களிலும், தோல் பதனிடப் பட்டை தரும் வாட்டில் மரங்களையும் தைல மரங்களையும் வெட்டும் வேலையிலும் ஈடுபட்டனர். ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் பெற்று, அக்கடனைத் தீர்க்க இயலாமல் கொத்தடிமை நிலைக்கு உள்ளானோரும் இருந்தனர்.

முடிவு

1984 இல் கப்பற் சேவை நின்றதுடன் இவ்வழியான வருகையும் நின்றது. அதுவரை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா வந்திருந்தனர். இலங்கையில் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இவற்றையும் பார்க்க

* மலையகத் தமிழர்
* சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்
* பழனி மலைகள்