பேச்சிப்பாறைத் தண்ணீரும் கூடங்குளத்து உலையும்

நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவதற்கு நாம் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று கேட்டால், பேச்சிப்பாறை அணையருகே துயிலும் மிஞ்சின் என்னும் பொறியாளரின் கல்லறையைப் பெரியவர்கள் காட்டுவர். ஸ்ரீமூலம் திருநாள் மன்னர் காலத்தில், 1897 முதல் 1906 வரை, கோதையாற்றின் குறுக்கே எழுந்த அணை அது. அந்நீர் கடைமடை வரை வந்து சேருமா என்ற கவலையோடுதான் நம் உழவர்கள் ஒவ்வோர் ஆண்டும் நாற்றங்காலில் இறங்குகின்றனர். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் வரலாற்றை நம் மாவட்டத்திலிருந்து எழுத முனைபவர் இந்த அணையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1988 நவம்பர் 20 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கொர்பச்சேவும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டனர். கன்னியாகுமரிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், நெல்லை மாவட்டத்து ராதாபுரம் வட்டத்தில், தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு உலைகள் அமையும் என்று முடிவாயிற்று. கோதையாற்றின் இரண்டு நீர்மின் நிலையங்களும் சேர்ந்து 100 மெகாவாட் என்பதை நினைத்தால் இதன் பருமன் விளங்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். உலையில் யுரேனிய அணுக்கள் பிளவுபடும்போது எழும் வெப்பத்தை, மிகுந்த அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் ஏந்திச் செல்கிறது. அது வேறொரு சுற்றிலுள்ள நீரை ஆவியாக்க, அந்த ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. ஆவியை மீண்டும் நீராக்கக் கடல்நீர் போதும்; அது வெதுவெதுப்பாகித் திரும்பவும் கடலுக்கே போகும். ஆனால் முதலிரண்டு சுற்றுகளுக்கும் பணியாளர் குடியிருப்புக்கும் நன்னீர் வேண்டும். அந்த நன்னீரைப் பேச்சிப்பாறையிலிருந்து குழாய் வழியே கொண்டு செல்வது என்பதே தொடக்கத் திட்டம்.

உழவனுக்கு ஆற்றுநீர் போய்விடும் என்ற அச்சம். மீனவனுக்குக் கடல் வெதும்பி மீன்வளம் குன்றிவிடும் என்ற அச்சம். வயற்காட்டாரும் கடற்கரையாரும் ஒரே மேடையில் அமர்வது நம் நாட்டில் அடிக்கடி நிகழ்வதன்று; தண்ணீர் அவர்களை அமர வைத்தது. நீரைக் காப்போம், வாழ்வைக் காப்போம் என்ற முழக்கத்தோடு 1989 ஏப்ரலில் கீழைக் கடற்கரையிலிருந்தும் மேலைக் கடற்கரையிலிருந்தும் புறப்பட்ட மீனவர் பயணம் மே 1 அன்று கன்னியாகுமரியில் கூடியது. இத்திட்டமும் அங்கே எதிர்க்கப்பட்டது. கூட்டம் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் கலைந்தது, பலர் காயமுற்றனர்.

1991-இல் ராஜீவ் கொல்லப்பட்டார். அவ்வாண்டு முடிவில் சோவியத் ஒன்றியமும் மறைந்தது. திட்டம் உறங்கியது. 1998-இல் ரஷ்யாவுடன் துணை உடன்பாடு ஏற்பட்டு அது விழித்தெழுந்தபோது, இரண்டு செய்திகள் மாறிவிட்டன. பயன்படுத்திய எரிபொருளைச் சோவியத் நாடே திரும்பப் பெற்றுக்கொள்ளும் என்ற பழைய ஏற்பாடு போய், அது இந்தியாவிலேயே தங்கும் என்றாயிற்று. பேச்சிப்பாறைக் குழாயும் பின்னர்க் கைவிடப்பட்டு, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நிலைய வளாகத்திலேயே அமைந்தது. இரண்டாவதை நாம் கொண்டாடினோம். முதலாவதை அன்று நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

2002 மார்ச் 31 அன்று முதல் கான்கிரீட் இடப்பட்டது. அணுமின்சாரத்தின் கணக்கு விந்தையானது. நிலக்கரி நிலையத்தில் நாள்தோறும் எரிப்பதற்கே பெருஞ்செலவு; அணு உலையிலோ எரிபொருள் சிறிது, கட்டுமானமே பெருஞ்செலவு. கடன் வாங்கி வீடு கட்டுபவர் நிலைதான்: குடி வராத ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறும். கட்டி முடித்தபின் அதை இரவும் பகலும் முழுத்திறனில் ஓட்டினால்தான் முதல் திரும்பும். முதல் உலை 2007-இல் இயங்கும் என்றனர்; வணிக முறையில் இயங்கியதோ 2014 டிசம்பர் 31 அன்று. இரண்டாம் உலை 2017 மார்ச்சில். 13,171 கோடி ரூபாய் என்ற மதிப்பீடு 17,270 கோடியாகி, பின்பு 22,462 கோடியாயிற்று. தாமதத்துக்குப் போராட்டமே காரணம் என்று பலர் எழுதினர். 2011-இல் போராட்டம் மூண்டபோதே திட்டம் சில ஆண்டுகள் பின்தங்கியிருந்தது என்பதை அவர்கள் மறந்துவிட்டனர்.

அவ்வாண்டு மார்ச்சில் ஃபுகுஷிமா உலைகள் உருகின. ஆகஸ்டு முதல் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகம் உண்ணாநோன்புப் பந்தலாயிற்று. மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்தக் கோரி செப்டம்பரில் தீர்மானித்த மாநில அமைச்சரவை, 2012 மார்ச் 19 அன்று பணியைத் தொடரச் சொன்னது. செப்டம்பரில் மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார்.

இம்முறை வயற்காடு எங்கே? ஆதரவு தந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆயினும் 1989-இல் கண்ட அந்தச் சேர்க்கையை நாம் காணவில்லை. மின்வெட்டால் நொந்திருந்த நகரத்தார் சிலர் கடற்கரை மக்களை முன்னேற்றத்தின் பகைவர் என்றே ஏசினர். பேச்சிப்பாறைத் தண்ணீர் தப்பியதும் உழவனின் கவலை தீர்ந்தது. மீனவன் தனித்து நின்றான். இது நம் கணிப்புத்தான். ஆனால் இதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

கண்காணிப்பைப் பற்றியும் ஒரு சொல். உலையை நடத்துவது இந்திய அணுமின் கழகம். பாதுகாப்பை மேற்பார்ப்பது 1983-இல் தோன்றிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அவ்வாரியம் அணுசக்தி ஆணையத்தின் கீழேயே இருப்பதால் அதற்குப் போதிய தன்னுரிமை இல்லை என்று 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே எழுதினார். மேற்பார்ப்பவர் தன்னுரிமை உடையவரா என்று இடிந்தகரைப் பெண்கள் கேட்டதில் அறியாமை எங்கே இருக்கிறது?

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்க அனுமதித்து, 15 கட்டளைகளையும் விதித்தது. பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைப்பதற்கான கிடங்கு ஐந்தாண்டுகளில் அமைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2018-இல் அக்கெடு நீட்டிக்கப்பட்டது. மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கிடந்தாலும், கூடங்குளத்து உலைகளுக்கான செறிவூட்டிய யுரேனியம் ரஷ்யாவிலிருந்தே வருகிறது. திரும்பிச் செல்லும் வழி மட்டும் 1998-இல் அடைபட்டுவிட்டது.