மரக்காணம் உப்பும் குளோரினும்

திண்டிவனத்துக்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், கழுவெளியை ஒட்டி மரக்காணம் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. இங்கே விளைவது சோடியம் குளோரைடு. 100 கிலோ தூய உப்பில் ஏறத்தாழ 61 கிலோ குளோரின்தான்.

இத்தொழில் மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கியிருக்கிறது. அவனுடைய எயிற்பட்டினமே மரக்காணம் என்பர் ஆய்வாளர். உப்பு வணிகரான உமணரின் வண்டிகளும் அந்நூலில் வருகின்றன. மரக்காணம் பூமீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பளங்கள் இடம்பெறுகின்றன.

பாத்தியில் நடப்பது நுட்பமான வேதியியல். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் சுமார் 35 கிராம். அதில் குளோரைடு மட்டும் 19 கிராம். வெயிலில் நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படியும். அடர்த்தி 25 டிகிரி போமேயை எட்டியதும் உப்பு பூக்கத் தொடங்கும். 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். கருவியில்லாத காலத்தில் இந்த இடைவெளியைக் கண்ணாலும் நாவாலும் அறிந்து உப்பை வாரியவர்கள் அளத்துத் தொழிலாளர்கள். உப்பின் வரலாறு வரியின் வரலாறாகவே எழுதப்படுவதால் இந்த அறிவுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

அந்த வரியும் கொடியதே. 1805இல் சென்னை மாகாண உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமானது. பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தைச் சென்னையோடு இணைத்தபின் உப்பு படகேறியது. 1930இல் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறினார். உப்பு வரி ஒழிந்தது 1947 ஏப்ரலில்தான்.

உப்பிலிருந்து பெற்ற அமிலத்தை மாங்கனீசு தாதுவோடு சேர்த்துச் சூடாக்கி, 1774இல் வேதியியலாளர் ஷீலே பசுமஞ்சள் வாயு ஒன்றைப் பெற்றார். அது தனிமம் என 1810இல் நிறுவிக் குளோரின் என்று பெயரிட்டவர் வேதியியலாளர் டேவி. இன்று உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தியே அதைத் தயாரிக்கிறார்கள்: நேர்முனையில் குளோரின், எதிர்முனையில் ஹைட்ரஜன், கரைசலில் காஸ்டிக் சோடா. தமிழகத்தில் இத்தொழிலின் முன்னோடி 1936இல் தொடங்கிய மேட்டூர் கெமிக்கல்ஸ். நீற்றிய சுண்ணாம்பில் குளோரினைச் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர்; மழை வெள்ளத்துக்குப் பிறகு ஊர்க் கிணறுகளில் கரைப்பது இதைத்தான். பி.வி.சி. குழாய்க்கும் குளோரின் வேண்டும்.

கடல்நீரில் உள்ள, குளோரின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரு ஆலசன்கள் உப்போடு வருவதில்லை. லிட்டருக்கு 65 மில்லிகிராம் அளவுள்ள புரோமைடு, உப்பை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடும். அயோடினோ லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எனவே உண்ணும் உப்பில் பொட்டாசியம் அயோடேட்டைத் தெளித்துச் சேர்க்கிறார்கள். அயோடின் கலவாத உப்பை நேரடி உணவுக்கு விற்பது 2006இல் மீண்டும் தடை செய்யப்பட்டது.