குடத்தில் விழாத ஓலை

புதுக்கோட்டைச் சீமைக்குக் காவிரியைப் போல ஒரு ஜீவநதி வாய்க்கவில்லை. பெய்கிற மழையைக் கண்மாயில் தேக்கி வைத்தால்தான் சோறு. கண்மாயோ தனி ஒருவருடைய சொத்தல்ல. யார் வயலுக்கு முதலில் மடை திறப்பது, கரை உடைந்தால் யார் மண் சுமப்பது என்ற கேள்விகளுக்கு நியாயமான பதில் இல்லாத ஊரில், பயிர் கருகுவதற்கு முன்பே உறவு கருகிவிடும்.

முனசந்தையில் உள்ள பழைய கல்வெட்டு ஒன்று, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவின் பெயரைத் தாங்கிய பேரேரியைக் குறிப்பிடுகிறது. நார்த்தாமலையில் நகரத்தார் சபை இருந்து ஊர்க்காரியங்களைக் கவனித்தது. சமஸ்தானத்தார் 1929-இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டிப் பாருங்கள். முதலில் அரசனின் பெயர் கம்பீரமாக நிற்கும். பின்னாலேயே, கூடிப் பேசி விற்றதும் கொடுத்ததும் ஊரார் என்று தெரியவரும்.

சரி, அந்தக் காலத்துச் சபைக்கு ஆள் எடுத்தது எப்படி? முழு விவரத்தை உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லுகின்றன. பராந்தக சோழன் காலத்தில் 919-இல் ஒரு விதி; இரண்டே ஆண்டில், 921-இல் அதற்குத் திருத்தம். முதல் விதியில் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது. அதைக் கண்டவர்கள் கௌரவம் பார்க்காமல் அடைத்திருக்கிறார்கள். முப்பது குடும்புகள். குடும்புதோறும் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வாங்குகிறவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏந்த வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவருக்கு இல்லை. அவருடைய மாமனார், மருமகன், மைத்துனனுக்கும் இல்லை. மனித சுபாவத்தை எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள்!

படிக்கும்போது நமக்குப் பெருமிதம் பொங்குகிறது. ஆனால் எனக்கு ஒரு கேள்வியும் எழுகிறது. குடத்தில் யாருடைய ஓலை விழுந்தது? அது பிராமணர் சபை. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அங்கே இடம். கரைக்கு மண் சுமந்தவனின் பெயரும், நாற்று நட்டவளின் பெயரும் ஓலையேறவே இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் நியாயம் செய்துகொள்வது அரைப் பங்கு நியாயந்தான்.

இது ஆயிரம் வருஷத்துப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? 2022 டிசம்பரில் இதே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள் அங்கே கண்டது, தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையும் அந்த மக்களுக்கு மூடிக் கிடந்த கோயில் கதவும். ஊராட்சி இருந்தது, வாக்குரிமையும் இருந்தது.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத் திருத்தம், தலித் மக்களுக்கும் பெண்களுக்கும் ஊராட்சியில் இடம் ஒதுக்கியது. 2016-இல் தமிழ்நாடு பெண்களின் பங்கைப் பாதியாக்கியது. ஓலை குடத்துக்குள் விழுந்துவிட்டது. அது வெளியே வந்த பிறகு, அந்தப் பெயருக்குரியவரை நாற்காலியில் உட்காரவிட்டு, அவர் சொல்லுக்குச் செவி சாய்க்க வேண்டியது ஊரின் பொறுப்பு. அதைக் கல்லில் வெட்டினால் மட்டும் போதாது.